கரி படிந்த சீட்டு

அந்த ஆண்டு தெஹ்ரானில்
தொழிற்சங்கங்களுக்கும் மன்றத்தில் இடமுண்டு என்றார்கள்.
இடம் முப்பத்திரண்டு.
சங்கமோ நூற்றுக்கு மேல்.
ஆகவே சின்னச் சங்கங்களை இழுத்துக் கட்டினார்கள்,
சந்தையில் விலைபோகாத கழுதைகளைச்
சோடி சேர்ப்பதுபோல.

நாங்கள் கரி விற்பவர்கள்.
எங்களோடு கட்டப்பட்டவர்கள்
பஞ்சு அடிப்பவர்கள்.

"இவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே ஆளா?"
மஷ்ஹதி தைமூர் கத்தினார்.
எழுத்தர் தலை நிமிரவில்லை.
"குளிர்காலத்தில் மேசைக்கு அடியில் உங்கள் கனல்,
மேசைக்கு மேலே அவர்கள் போர்வை.
நடுவில் ஊரே கால் நீட்டிக் கிடக்கிறது.
அடுத்தது யார்?"

கடை உள்ளவனுக்கு வாக்கு.
அந்தக் கடைக்கும் வாடகை
இவ்வளவுக்குக் குறையக் கூடாது.
தோளில் வில்லோடு தெருத்தெருவாய்ப்
பஞ்சு அடிக்கும் ஷாபானுக்கு இல்லை.
சத்திரத்து வாசலில் நின்று
நாணைச் சுண்டிக்கொண்டிருந்தான்,
உள்ளே ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும்
ஒரு 'டங்'.

முந்தின இரவு கவ்கப் கேட்டிருந்தாள்:
"போர்வை தைக்கிற நாங்கள் எந்தச் சங்கம்?"
நான் திரியைக் குறைத்துவிட்டுத்
திரும்பிப் படுத்தேன்.

நாங்கள் நாற்பது பேர்.
அவர்கள் முப்பத்தொன்பது.
கணக்குப் போட்டுப் பார்த்த தைமூர்
இனிப்புப் பெட்டியோடுதான் வந்தார்.

வாக்கு ரகசியம் என்றார்கள்.
எழுதத் தெரியாதவன் காதில் சொன்னால்
எழுத்தர் எழுதித் தருவார்.
நாலாய் மடித்துச் செம்புப் பானையில் போடு.
ஆனால் எங்கள் விரல்கள்!
ஹம்மாமில் ஒரு காலை முழுக்க ஊறினாலும்
ரேகைக்குள் கரி குடியிருக்கும்.

பிரித்தார்கள்.
கறை. தைமூர்.
வெள்ளை. சபர்அலி.
வெள்ளை. சபர்அலி.
கறை. தைமூர்.
முப்பத்தொன்பதும் முப்பத்தொன்பதுமாய் வந்து
பானையின் அடியில் ஒரே ஒரு சீட்டு.
பெருவிரல் அளவுக்குக் கறை,
அதன் நடுவே
சபர்அலி.

முற்றம் மூச்சு விடவில்லை.
வாசலில் மட்டும் 'டங்'.

அந்தக் குளிர்காலம் முழுக்க
நாற்பது பேரும்
ஒருவர் பெருவிரலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
செல்லாக் காசைத் தடவுவதுபோல்
தைமூர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்தார்.
நானும் நீட்டினேன்.
துரோகியைச் சபித்ததில்
என் குரல்தான் உயர்ந்திருந்தது.

இப்போது சொன்னால் என்ன?
தைமூர் கரியில் தண்ணீர் தெளித்து எடை போடுவார்.
எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?
கற்றுக்கொடுத்ததே நான்.
சபர்அலியைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.
அது போதுமானதாக இருந்தது.

மன்றத்தைப் பார்க்க ஒருநாள் போனேன்.
கம்பளத்தில் சம்மணமிட்டிருந்தார்கள்:
தலைப்பாகைகள், ஒரு இளவரசர்,
துணி வணிகர்கள், கடிகாரக்காரர் ஒருவர்.
கயிற்றுக்கு இப்பால் நாங்கள்,
செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில்.
கடைசி வரிசையில் சபர்அலி,
புருவத்தில் இன்னும் பஞ்சு.
இரண்டு மாதமாய் வாய் திறக்கவில்லை என்றான்
பக்கத்தில் நின்ற ரொட்டிக்காரன்.

வரி பற்றி யாரோ நீளமாய்ப் பேசினார்கள்.
கனல் சட்டியிலிருந்து புகை எழுந்தது.
முல்லா இருமினார். இளவரசர் இருமினார்.
அப்போது சபர்அலி எழுந்தார்.

"கரி ஈரமாக இருக்கிறது, கனவான்களே.
இது மக்கள் பணத்தில் வாங்கியது.
விற்றவன் எனக்கு வாக்களித்தவனாகவே இருக்கலாம்;
இருந்தாலும் கேட்கிறேன்,
இதில் எவ்வளவு கரி, எவ்வளவு தண்ணீர்?"

சபை சிரித்தது.
கயிற்றைப் பிடித்திருந்த கையில்
பெருவிரலை உள்ளே மடக்கிக்கொண்டேன்.
அந்த மூட்டை என் கடையுடையது.

இரவு கவ்கப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன்,
சீட்டையும் சேர்த்து.
அவள் சிரிக்கவில்லை.
ஊசிக் காதை வெளிச்சத்துக்கு உயர்த்தி
நூலின் முனையை நாக்கில் நனைத்தாள்.

"இரண்டு மாதமா?" என்றாள்.
"நான் போயிருந்தால்
முதல் நாளே கேட்டிருப்பேன்."